வீட்டுப்பாடம் யாருக்கு?

(தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் பற்றியும், அதில் பெற்றோர் துணைநிற்கும் வகை பற்றியும் பேசுமாறு என்னைப் பணித்துள்ளனர். கேட்பதற்கு இது மிகச் சிறிய தலைப்பாகத் தோன்றலாம். நாட்டில் எத்தனையோ பெருஞ்சிக்கல்கள் இருக்க, ஏழெட்டு அகவைக் குழந்தை இரவில் எழுதுகின்ற இரண்டு பக்கத்தைப் பற்றி ஒரு கூட்டமா என்று சிலர் எண்ணலாம். அவ்வாறு எண்ணுவோர், இரவு எட்டு மணிக்கு நம் தெருக்களில் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். எத்தனை வீடுகளிலிருந்து அதட்டும் குரலும், அதனைத் தொடர்ந்து அழுகுரலும் கேட்கின்றன! அடிக்கின்ற தாயும் கொடியவள் அல்லள். அடிபடுகின்ற குழந்தையும் தீயது அன்று. இருவரும் நாளெல்லாம் உழைத்துச் சோர்ந்தவர்கள். இருவர்க்கும் இடையே ஒரு சுவடி விரிந்து கிடக்கின்றது, அவ்வளவே. கல்வி என்றாலே அச்சம் என்னும் எண்ணம் ஒரு குழந்தையின் நெஞ்சில் வேரூன்றுவது அந்தப் பொழுதில்தான். எனவே, இது சிறிய செய்தி அன்று.

எல்லை உண்டா?

வீட்டுப்பாடம் இவ்வளவுதான் இருக்கலாம் என்பதற்கு ஏதேனும் எல்லை உண்டா? உண்டு. பெற்றோரிற் பெரும்பாலார் அறியாதிருப்பது அதனையே.

1993-ஆம் ஆண்டில், பேராசிரியர் யசுபால் தலைமையில் அமைந்த குழு, சுமையில்லாக் கற்றல் என்னும் பொருளில் நடுவண் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தது. தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடமே வேண்டா. வீட்டையும் சுற்றுப்புறத்தையும் தாமே நோக்கி அறிந்து வரும் பணி மட்டும் இருக்கலாம் என்று அக்குழு கூறிற்று. 2005-ஆம் ஆண்டில் நாடு முழுமைக்குமாக வகுக்கப்பெற்ற பாடத்திட்ட வரைவு, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் கூடாது என்றும், மூன்றாம் வகுப்பு முதல் கிழமைக்கு இரண்டு மணி நேரம் போதும் என்றும் வரையறுத்தது. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், சென்னை உயர்முறை மன்றம், ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் தருதல் ஆகாது என்று ஆணையிட்டது. குழந்தைகள் எடைதூக்கும் மறவர் அல்லர் என்றும் இடித்துரைத்தது. அவ்வாண்டு நவம்பரில் நடுவண் அரசு, அவ்விரு வகுப்புகளுக்கும் வீட்டுப்பாடம் இல்லை; பள்ளிப்பையின் எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேற்படல் கூடாது என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. 2020-ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கையும், மூன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்குக் கிழமைக்கு இரண்டு மணி நேரமே மேலெல்லை என்கின்றது.

கிழமைக்கு இரண்டு மணி நேரம் என்பதை ஐந்து நாளுக்குப் பகிர்ந்து பாருங்கள். நாளொன்றுக்கு 24 மணித்துளி! ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் அவ்வளவுதான். இந்த எல்லை ஏட்டில் இருக்கின்றது. நம் வீட்டில் இருக்கின்றதா? ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றரை மணி நேரம் குனிந்து எழுதுவதை, 'நல்ல பள்ளி, நிறைய எழுத்து வேலை தருகின்றார்கள்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கின்ற பெற்றோர் நம்மிடையே இல்லையா? எழுதிய பக்கங்களை எண்ணிக் கல்வியை அளக்கின்றோம். அறுவடையை நெல்லால் அளக்காமல் வைக்கோலால் அளப்பது போன்றது இது.

மிகுதியாக எழுதினால் மிகுதியாக அறிவு வளரும் என்பதற்கும் சான்று இல்லை. அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஆரிசு கூப்பர் என்பார், வீட்டுப்பாடம் பற்றி அந்நாட்டில் நிகழ்ந்த ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்து ஆய்ந்து, 1989-லும் 2006-லும் முடிவுகளை வெளியிட்டார். உயர் வகுப்புகளில் வீட்டுப்பாடத்திற்கும் தேர்ச்சிக்கும் தொடர்பு காணப்படுகின்றது. தொடக்க வகுப்புகளிலோ அத்தொடர்பு மிக மெலிந்தது என்பதே அவர் கண்ட உண்மை. மறுபுறம், ஆறு முதல் பன்னிரண்டு அகவை வரையுள்ள குழந்தைகள் நாள்தோறும் 9 முதல் 12 மணி நேரம் உறங்குதல் வேண்டும் என்பர் மருத்துவர். காலை ஆறு மணிக்கு எழுப்பப்படுகின்ற குழந்தை, இரவு ஒன்பது மணிக்காவது படுத்தாக வேண்டும். பத்தரை மணி வரை எழுதவைத்து நாம் பறிப்பது அதன் உறக்கத்தை. உறக்கத்தோடு மறுநாட் கல்வியையும் சேர்த்தே பறிக்கின்றோம்.

எழுத்து தேய்கின்ற எழுத்து வேலை

ஒரு சொல்லை இருபது முறை, ஐம்பது முறை எழுதிவரச் சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கின்றது. அவ்வாறு எழுதுகின்ற குழந்தையை அருகிருந்து நோக்கியிருக்கின்றீர்களா? 'மரம்' என்று இருபது முறை எழுதவேண்டுமாயின், முதல் மூன்று முறை அது 'மரம்' என்றே எழுதும். அதன்பின், 'ம' என்பதை மேலிருந்து கீழாக வரிசையாய் எழுதிக்கொண்டே போகும். அடுத்து 'ர' ஒரு வரிசை. அடுத்து 'ம்' ஒரு வரிசை. அங்கே மரமும் இல்லை, சொல்லும் இல்லை, கை மட்டுமே இயங்குகின்றது. குழந்தை ஏமாற்றவில்லை, பொருளற்ற வேலையை விரைவில் முடிக்கும் வழியைத் தானே கண்டறிந்துகொள்கின்றது! அந்த அறிவைப் பாராட்டி, அந்த வேலையை நிறுத்துவதே முறை. மூன்று முறை எழுதி, அச்சொல்லை வைத்துத் தானே ஒரு சொற்றொடர் அமைக்கச் சொன்னால், அதில் கையும் உழைக்கும், கருத்தும் உழைக்கும்.

முன்னோர் கண்ட முறை

அவ்வாறாயின் வீட்டில் கல்வியே வேண்டாவா என்று கேட்பீர்கள். வேண்டும், ஆனால், அது வீட்டுக்குரிய கல்வியாக இருத்தல் வேண்டும்.

பழைய திண்ணைப் பள்ளிகளில் அடியும் கட்டுப்பாடும் மிகுதி; அவற்றை மீட்டுக்கொணர வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் அங்கிருந்த ஒரு வழக்கம் எண்ணத்தக்கது. மாலையில் பிள்ளைகள் வீடு திரும்பும்போது ஆசிரியர் ஒவ்வொருவர்க்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஒரு விலங்கின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லியனுப்புவார். மறுநாள் அதனை மறவாமல் வந்து சொல்லவேண்டும். தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதர் தம் வாழ்க்கை வரலாற்றில் இதனைக் குறித்திருக்கின்றார். ஒரு சொல்தான் வீட்டுப்பாடம்! அச்சொல்லை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போகும் குழந்தை, அந்தப் பூ எது, அந்தப் பறவை எங்கே இருக்கும் என்று வீட்டாரைக் கேளாமல் இருக்குமா?

இன்னொன்றையும் சொல்வேன். பவணந்தியார் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில், பாடங் கேட்கும் முறை கூறப்பட்டிருக்கின்றது. ஆசிரியர் சொல்லியதை நன்கு கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது காற்பங்கு அறிவே. உடன் பயில்வோரொடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கும், தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துச் சொல்லும்போதே நிறையும் என்பது அதன் கருத்து. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகட்கு முன்னரே கண்ட உண்மை இது! பள்ளியில் அறுபது பிள்ளைகளும் ஆசிரியர்க்கு எடுத்துச் சொல்ல நேரம் ஏது? அந்த அரைப்பங்கு நிறையும் இடம் வீடு. கேட்பதற்கு ஒரு செவி இருந்தால் போதும்.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்

'எனக்கே எழுத்துத் தெரியாது. நான் என் பிள்ளைக்கு எவ்வாறு உதவுவேன்?' என்று தலைகுனிந்து கேட்கின்ற தாய்மார் உண்டு. அத் தாய்மார்க்குத்தான் இன்று நான் முதன்மையாகப் பேச விரும்புகின்றேன். அம்மா, நீங்கள் தலைகுனிய வேண்டா! உங்கள் பிள்ளையின் கல்விக்கு வேண்டுவனவற்றில் பெரும்பகுதி உங்களிடமே இருக்கின்றது.

மொழிஞாயிறு பாவாணர், தமிழின் சொல்வளத்தை விளக்க, இலை வகைகளை எடுத்துக்காட்டுவார். புளிக்கும் வேம்புக்கும் உள்ளது இலை. நெல்லுக்கும் புல்லுக்கும் தாள். கரும்புக்கும் சோளத்துக்கும் தோகை. தென்னைக்கும் பனைக்கும் ஓலை. காய்ந்த தாளும் தோகையும் சண்டு. காய்ந்த இலை சருகு. இச்சொற்களை உழவர்தம் வாயிலிருந்தன்றோ அறிஞர் எடுத்துக்கொண்டார்! வயலில் நிற்கும் தாய்க்கு இவை மனப்பாடம் அல்ல, வாழ்க்கை. மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கொல்லைக்கு அழைத்துச் சென்று, இது தாள், இது தோகை, இது ஓலை என்று தொட்டுக் காட்டுங்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று ஒரு செடியிலேயே காட்டுங்கள். எந்தப் பாடநூலும் இதைவிடச் செவ்வையாகச் சொல்லித்தர இயலாது.

கணக்கும் அவ்வாறே. வீட்டில் நால்வர்; ஆளுக்கு மூன்று இட்டலி; எத்தனை ஊற்றவேண்டும்? மாவு பத்து இட்டலிக்கே இருந்தால் எத்தனை குறையும்? பெருக்கலும் கழித்தலும் அங்கேயே வந்துவிட்டன. ஒரு தோசையை இரண்டாகப் பிரித்தால் அரை. அதனைப் பிரித்தால் கால். மீண்டும் பிரித்தால் அரைக்கால். அரையிலும் அரைக்கால் சிறியது என்பதைக் கண்ணாற் கண்ட குழந்தை, பின்னாளில் இரண்டைவிட எட்டுப் பெரியது, ஆகவே எட்டில் ஒன்றும் பெரியதுதான் என்று மயங்காது. கடைக்கு அனுப்பி மீதிப் பணத்தை எண்ணி வாங்கிவரச் சொல்லுங்கள். பேருந்தில் எத்தனை பேர் ஏறினர், எத்தனை பேர் இறங்கினர் என்று எண்ணச் சொல்லுங்கள். இவற்றுக்கு எழுத்துத் தெரிந்திருத்தல் வேண்டுமா?

பேச்சும் பாடமே. 'வாயப்பயம்' என்று சொல்லும் வீட்டில் வளரும் பிள்ளை, எழுதும்போதும் ழகரத்தில் இடறும். 'வாழைப்பழம்' என்று நீங்கள் திருத்தமாகச் சொன்னால், ல, ள, ழ என்னும் மூன்றன் வேறுபாடும் செவி வழியே அதன் உள்ளத்தில் பதியும். நூறு முறை எழுதித் திருத்த வேண்டியதை, நாவால் ஒருமுறை திருத்திவிடலாம்.

இடையில் நிற்கும் சுவர்

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போவது நேர்மை ஆகாது. ஐம்பது செடிகளின் பெயரும் பயனும் அறிந்த தாய் ஒருத்தி. அவள் பிள்ளையின் சுவடியிலோ வேர், தண்டு, இலை என்பன ஆங்கிலத்தில் இருக்கின்றன. அறிந்த பொருளைப் பற்றிய பாடத்தின் முன்னே, அறியாதவளாக அவள் வாய்மூடி அமர்கின்றாள். தன் தாய்க்கு ஒன்றும் தெரியாது என்று அக்குழந்தை எண்ணத் தொடங்குகின்றது. பிறகு தனிப்பயிற்சிக்குத் திங்கள்தோறும் பணம்! தாயைத் தன் பிள்ளையின் கல்விக்கே அயலாள் ஆக்கிவிடுகின்ற முறை, எவ்வளவு கட்டணம் வாங்கினாலும் உயர்ந்த முறை ஆகுமா?

தாய்மொழியே குழந்தைக்குக் கற்பிக்கும் மொழியாக இருத்தல் சிறப்பு என்று ஒன்றிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு 1953-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்கின்றது. ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பதை எவரும் தடுக்கவில்லை. எல்லாப் பாடத்தையும் அதன் வழியே கற்பிக்கும்போது, வீட்டுப்பாடத்தின் வீடு வெளியே தள்ளப்படுகின்றது என்பதே என் கவலை.

ஏற்கெனவே ஆங்கிலவழிப் பள்ளியிற் சேர்த்துவிட்டவர்களும் உளம் தளர வேண்டா. பிள்ளையை அழைத்து, 'இன்று படித்ததை எனக்குத் தமிழில் சொல்' என்று கேளுங்கள். தமிழில் சொல்லிவிட்டால் அதற்குப் பாடம் விளங்கியிருக்கின்றது. சொல்ல வரவில்லையாயின், அது உருப்போட்டதேயன்றி உணர்ந்தது அன்று. இந்தத் தேர்வை நடத்த உங்களுக்கு எந்தப் பட்டமும் வேண்டா.

செய்ய வேண்டுவன

இனி, நாள்தோறும் நாம் கடைப்பிடிக்கத் தக்கவற்றைச் சுருங்கச் சொல்வேன்.

முதலாவது, காலம். பள்ளியிலிருந்து வந்தவுடன் சுவடியை விரிக்கச் சொல்லாதீர்கள். குழந்தை சிறிது உண்ணட்டும், ஓடி விளையாடட்டும். விளக்கேற்றும் பொழுதில், நாள்தோறும் ஒரே நேரத்தில் அமரட்டும். ஒழுங்காக அமைந்த அரைமணி, அழுகையோடு இழுபடும் இரண்டு மணியினும் மேலானது.

இரண்டாவது, இடம். தனியறை வேண்டும் என்பதில்லை. நல்ல வெளிச்சமுள்ள ஒரு மூலையும் ஒரு பலகையும் போதும். அவ்வேளையில் தொலைக்காட்சி அணைந்திருக்கட்டும். நம் கையிலுள்ள கைப்பேசியும் கீழே இருக்கட்டும். தந்தை கைப்பேசியைத் தடவிக்கொண்டு, 'படி, படி' என்று சொன்னால், பிள்ளை கேட்பது அவர் வாய்ச்சொல்லை அன்று. பார்ப்பது அவர் கையை!

மூன்றாவது, அருகிருத்தல். அருகில் அமருங்கள், உங்கள் வேலையைச் செய்யுங்கள், கேட்டால் மட்டும் விடை சொல்லுங்கள். விடையைக்கூட உடனே சொல்லாமல், 'நீ என்ன நினைக்கின்றாய்?' என்று திருப்பிக் கேளுங்கள். இது தாய்க்கு மட்டும் உரிய கடமை அன்று. மதிப்பெண் வந்தால் 'என் பிள்ளை', குறைந்தால் 'உன் பிள்ளை' என்னும் தந்தையர், கிழமைக்கு இரண்டு நாளாவது அப்பலகைக்கு அருகில் அமரட்டும்.

நான்காவது, பிள்ளையின் வேலையை நாம் செய்தல் கூடாது. கடையில் விற்கும் படங்களை வாங்கி ஒட்டி, பெற்றோரே எழுதி, பெற்றோரே வண்ணந்தீட்டி அனுப்பும் பணிகள் எத்தனை! அங்கே போட்டியிடுவோர் குழந்தைகள் அல்லர், பெற்றோர். தன்னால் ஆகாது, அம்மாதான் செய்யவேண்டும் என்பதே அதன்வழிக் குழந்தை கற்கும் பாடம். தவறுகளையும் நாமே அழித்துத் திருத்திவிடாதீர்கள். குழந்தையின் தவறு, அதற்கு எங்கே விளங்கவில்லை என்று ஆசிரியர்க்குச் சொல்லும் தூது. தூதை வழியிலேயே மறித்துவிட்டால் ஆசிரியர் எவ்வாறு அறிவார்?

ஐந்தாவது, நிறுத்தும் எல்லை. அரைமணி நேரம் உண்மையாக முயன்றும் முடியவில்லையாயின், சுவடியை மூடிவிடுங்கள். 'இவ்வளவு நேரம் முயன்றது; இந்த இடம் விளங்கவில்லை' என்று ஆசிரியர்க்கு இரண்டு வரி எழுதுங்கள்; எழுத இயலாதவர்கள் நேரிற் சொல்லுங்கள். நல்லாசிரியர் சினவார், மகிழ்வார்.

ஆறாவது, அடியும் ஒப்பீடும் வேண்டா. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியில் குழந்தையை உடலால் ஒறுப்பதையும் உள்ளத்தால் வருத்துவதையும் தடுக்கின்றது. பள்ளியில் சட்டம் காக்கின்ற குழந்தையை வீட்டில் யார் காப்பார்? 'அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்' என்னும் சொல், பிரம்பினும் ஆழமாகப் பதியும்.

ஏழாவது, எழுத்து வேலை இல்லாத நாளிலும் பத்து மணித்துளி ஏதேனும் ஒரு நூலைப் படித்துக் காட்டுங்கள். அல்லது அதனைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். படிக்க இயலாத வீட்டில் பாட்டி கதை சொல்லட்டும். மறுநாள் அதே கதையைப் பேரன் பாட்டிக்குச் சொல்லட்டும். நன்னூலார் சொன்ன அரைப்பங்கு நிறைவது அவ்வாறுதான்.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியப் பெருமக்களே! உங்கள் சுமையையும் நான் அறிவேன். பக்கம் பக்கமாக எழுத்து வேலை தந்தால்தான் பெற்றோர் மதிக்கின்றனர் என்னும் நெருக்கடியும் உங்களுக்கு உண்டு. எனினும் இரண்டு வேண்டுகோள். குழந்தை தானே தனியாக முடிக்கத்தக்க பணியை மட்டும் தாருங்கள். தந்ததைக் கட்டாயம் பாருங்கள். கண்ணுறக்கத்தை விட்டு எழுதிய பக்கத்தின்மீது, படித்துப் பாராமலே ஒரு கோடு இழுக்கப்பட்டால், 'என் உழைப்பை ஒருவரும் பார்ப்பதில்லை' என்று அக்குழந்தை கற்றுக்கொள்ளும். இரண்டு வரி எழுதி, இரண்டும் பார்க்கப்படுமாயின் அதுவே சிறந்த வீட்டுப்பாடம்.

பெற்றோர்களே! அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும், கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கப்பெறுகின்றது. அதன் உறுப்பினருள் முக்காற்பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். அங்கே போய்க் கையெழுத்திட்டுத் திரும்பாதீர்கள். 'எந்த வகுப்புக்கு எவ்வளவு வீட்டுப்பாடம் தருகின்றீர்கள்? அதனை யார் பார்க்கின்றனர்?' என்று கேளுங்கள். தனியார் பள்ளியாயின், நான்கு பெற்றோர் சேர்ந்து சென்று 2018-ஆம் ஆண்டின் ஆணையையும், 2020-ஆம் ஆண்டின் கொள்கையையும் எடுத்துக்காட்டிப் பணிவோடு கேளுங்கள். தனியொருவர் கேட்டால் குறையாகத் தோன்றும். நால்வர் கேட்டால் அது முறையாகிவிடும்.

வீட்டுப்பாடம் யாருக்கு என்று கேட்டேன். அது பள்ளியின் பெருமைக்கும் அன்று; பெற்றோரின் போட்டிக்கும் அன்று; தனிப்பயிற்சி நடத்துவாரின் வருவாய்க்கும் அன்று. அது குழந்தைக்கு. குழந்தைக்கு நலம் பயக்குமளவு இருக்கட்டும். அதனை வருத்துமாயின் நிற்கட்டும். இன்றிரவு வீட்டுக்குப் போனதும், 'எழுதி முடித்தாயா?' என்று கேட்பதற்கு மாறாக, 'இன்று என்ன கற்றாய்? எனக்குச் சொல்' என்று கேட்டுப் பாருங்கள். அக்குழந்தை முதலில் வியப்போடு உங்கள் முகத்தைப் பார்க்கும். பிறகு பேசத் தொடங்கும். பேசி முடிக்கும் வரை கேளுங்கள்.